மூன்று பந்தும் குளத்தில்

தங்கை மங்கையர்க்கரசிக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பக்கத்து வீட்டுப் பார்கவி எழுதித் தருகிறாள்.

லாத்தூரில் பூமி அதிர்ந்த வருஷம், கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் எங்களுக்கு வைத்த போட்டியில், பக்தவத்சலம் மூன்று பந்தையும் குளத்தில் அடித்தான். அவன் ஊர் திரும்பும்வரை “மீன்காரா” என்றே கூப்பிட்டோம்.

நேற்று அதே போட்டியில் என் மூன்று பந்தும் அதே குளத்தில் விழுந்தன. “அண்ணா, வலை கொண்டாரவா?” என்று இப்போது என்னோடு பை தூக்கும் பையன் கேஷவ் கத்தினான். முகம் சுண்டிப்போனது. பிறகு பக்தவத்சலம் ஞாபகம் வந்து, கரையிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அடுத்த வருஷமும் ஆடுவேன்.

மனைவி தவறியபின் பக்தவத்சலம் அங்கே ஊரில் யாரோடும் பேசுவதில்லை என்றாயே. என் போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். நான் கேட்ட ரசப்பொடியை அப்புறம் அனுப்பு, முதலில் இதை அவனுக்குப் படித்துக் காட்டு. சிரித்தால் உடனே சொல். அன்று கூட ஆடிய சங்கரனும் ஏழுமலையும் காலமாகிவிட்டார்கள். என்னை “மீன்காரா” என்று கூப்பிட மிச்சமிருப்பவன் பக்தவத்சலம் ஒருவன்தான்.