அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் உள்ள என் கணவரின் படம் குறித்து

அனுப்புநர்
தையல் கடை நடத்துபவர்,
மறைந்த பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
சுகாதாரச் சீர்திருத்த நிதிக் குழு,
தலைமை அலுவலகம்.

பொருள்: வசதி படைத்தவர்கள் பொது மருத்துவத்துக்கெனக் கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்ற தங்கள் குழுவின் பரிந்துரை – அதை எதிர்த்து வரி செலுத்துவோர் சங்கம் அளித்த அறிக்கை – அதில் என் கணவரின் படம் இடம்பெற்றிருப்பது – புகார்.

பார்வை: மேற்படி சங்கத்தின் அறிக்கை, பக்கம் 3.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி பக்கத்தில் உள்ள படத்தில் ஒருவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அவருடைய இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் ஓர் இயந்திரத்துக்குப் போகின்றன. வெள்ளைச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் அவர் தோளில் கை வைத்து நிற்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். கீழே, "வரியின் கட்டாயம் இல்லாமலே நாங்கள் காத்துவரும் உயிர்கள்" என்று அச்சிடப்பட்டுள்ளது. கட்டிலில் இருப்பவர் என் கணவர். சென்ற மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார். நிற்பவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இருந்த, எங்கள் ஊர் பிஸ்கட் ஆலையின் உரிமையாளர். அவரும் இன்று இல்லை. இருவருமே மறுத்துச் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டதால் இந்த மனுவை நான் எழுதுகிறேன்.

2. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். அப்போது எங்கள் அரசு மருத்துவமனையில் அந்த வசதி கிடையாது. ஆலை உரிமையாளரின் தம்பி இதே நோயில் இறந்தவராம். அந்த வருத்தத்தில் அவர் தம் சொந்தச் செலவில் அங்கே நான்கு மெஷின்கள் வாங்கி வைத்தார். டெக்னீஷியனுக்குச் சம்பளமும் அவரே கொடுத்தார். இந்தச் சிகிச்சைக்கு மெஷினுக்கு நிகராகச் சுத்தமான தண்ணீரும் வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. மருத்துவமனையின் மொட்டை மாடியில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் அமைத்து, அதன் பராமரிப்பையும் தம் டிரஸ்ட்டின் பெயரில் அவரே ஏற்றுக்கொண்டார்.

3. திறப்பு விழாவில் அவர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. "வரின்னு புடுங்கிட்டுப் போனா அது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது. இது நான் கையால குடுக்கறேன், கண்ணால பாக்கறேன். இதுல கிடைக்கிற திருப்தி அதுல கிடைக்குமா?" என்றார். எல்லோரும் கைதட்டினோம். அன்றே சிகிச்சை தொடங்கி என் கணவருக்கு ஒரு கையில் ஊசி இருந்ததால், மறு கையால் தொடையில் தட்டினார். அன்று அந்தப் பேச்சில் எங்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

4. அவர் பெயருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் அல்லர் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். மாதம் ஒரு முறையாவது வார்டுக்கு வருவார். ஒவ்வொரு கட்டிலாக நிற்பார். சிறுநீர் பிரியாத நோயாளிக்குக் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும். ஆகவே என் கணவரைப் பார்த்ததும், "என்ன வேன்காரரே, இன்னிக்கு எத்தனை கிலோ லோடு?" என்பார். "ரெண்டரைங்க. டீக்கடை ஓரமா வண்டிய நிறுத்தினது தப்பாப் போச்சு," என்பார் இவர். அப்படி ஒரு நாளில் எடுத்த படம்தான் அது. அந்தச் சிரிப்பு பொய்யானது என்று நான் புகார் செய்யவில்லை.

5. ஆலை உரிமையாளர் திடீரென மாரடைப்பில் காலமானார். நாங்கள் நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்து போய் அழுதோம். சில மாதங்கள் எதுவும் மாறவில்லை. பிறகு டெக்னீஷியனுக்குச் சம்பளம் நின்றது. அவரும் பாவம், கொஞ்ச நாள் சும்மாவே வந்து பார்த்தார், பின் வேறு ஊருக்குப் போய்விட்டார். மருத்துவமனை ஒரு நர்ஸம்மாவுக்குப் பயிற்சி கொடுத்து ஒருவாறு சமாளித்தது. அடுத்து, மாடியில் இருந்த சுத்திகரிப்பு நிலையம் பழுதானது. நான்கு மெஷின்களும் நல்ல நிலையில் இருந்தன. தண்ணீர்தான் இல்லை. துணி போட்டு மூடிவைத்தார்கள்.

6. மருத்துவமனைக் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அந்த பிளான்ட் டிரஸ்ட்டோட சொத்தும்மா. எங்க கணக்குலயே இல்லாத பொருளுக்கு நான் எந்தக் கணக்குல செலவு எழுதறது? கை வெச்சா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க," என்றார். டிரஸ்ட் அலுவலகத்தில் கேட்டபோது, "அதெல்லாம் எப்பவோ ஆஸ்பத்திரிக்கே குடுத்தாச்சே," என்றார்கள். இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்தேன். கடையில் தைக்க வாங்கிய துணிகள் அப்படியே கிடந்தன. ஒரு மணப்பெண்ணின் ரவிக்கை கல்யாணத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

7. கடைசியாக ஆலை உரிமையாளரின் மகளைப் பார்க்க, நோயாளிகளின் வீட்டார் நான்கு பேர் ஒரு தட்டில் பழங்கள் வாங்கிக்கொண்டு போனோம். அந்த அம்மா மிகவும் தன்மையானவர். எங்களைக் கூடத்தில் உட்கார வைத்து, தாமே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்களுடன் கண்கலங்கவும் செய்தார். "அப்பாவுக்கு சித்தப்பா போன துக்கம், அதனால அதுல இறங்கினாங்க. எனக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குச் செய்யணும்னு ரொம்ப நாள் ஆசைக்கா. அஞ்சு பள்ளிக்கூடத்துல நூலகம் கட்டறோம். ரெண்டையும் தாங்க முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை. நூலகம் நல்ல காரியம். அவருடைய பணம், அவருடைய விருப்பம். தகப்பனாரிடமிருந்து மகளுக்கு வந்தபோது அந்த விருப்பம் மாறியது. என் கணவரின் சிறுநீரகங்கள் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தன. "நல்லா இருங்கம்மா," என்று சொல்லிவிட்டு வந்தோம். படியிறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

8. அதன்பின் அடுத்த நகரத்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். பேருந்தில் மூன்று மணி நேரம். அங்கே அந்த ஊர்க்காரர்களுக்கே இடம் போதவில்லை. எங்களைப் போல வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வாரம் ஒரு முறைதான் தர முடியும் என்றார்கள், சில வாரம் அதுவும் தள்ளிப்போனது. என் கணவரின் கால்கள் வீங்கின. செருப்பு நுழையவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு மயக்கம் வந்தால் என்ன ஆவது என்று அவரே வேன் சாவியைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தார். வந்த அன்று என்னிடம், "இனிமே ஹாரன் அடிச்சா யாரும் ஓடி வரமாட்டாங்க," என்றார். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

9. இந்தப் பத்தி தங்கள் குழுவின் வரம்புக்குள் வராது என்பதை அறிவேன். வேறு எங்கே எழுதுவது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன், பொறுத்தருளவும். அவர் இறப்பதற்கு முந்தைய நாள் பிற்பகல். அந்த வார முறை ஒரு தடவை தள்ளிப்போய், மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். மூச்சு வாங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தையல் மெஷினில் இருந்தேன். "ஒரு அரை டம்ளர் தண்ணி குடேன். நாளைக்கு எப்படியும் மெஷின் எடுத்துடும்," என்றார். "நாளைக்கு மெஷின் கிடைக்கும்னு உங்களுக்கு யார் சொன்னா? போன வாரமும் இப்படித்தான் சொன்னாங்க," என்றேன். ஒரு ஐஸ் துண்டை மட்டும் வாயில் போட்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் காலை பாதி வழியில், பேருந்திலேயே, என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டார். நான் செய்தது சரிதான் என்று நர்ஸம்மா சொல்கிறார். தண்ணீர் கொடுத்திருந்தால் அன்றே மூச்சு அடைத்திருக்கும் என்கிறார். இருக்கலாம். ஆனாலும் இன்றுவரை டம்ளரைக் கையில் எடுத்தால் எனக்கு முழுதாகக் குடிக்க முடிவதில்லை, ஐயா.

10. சங்கத்தின் அறிக்கையை எனக்குக் காட்டியவர், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் வாடிக்கையாளர் ஒருவர். "அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார். நான் அதை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகவே பேசினார். "நல்ல படம்தானேம்மா, எவ்வளவு அழகாச் சிரிக்கிறார்!" என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். "அடடா, தெரியாமப் போச்சும்மா. அப்ப 'மறைந்த'ன்னு சேத்துடட்டுமா?" என்று பேனாவை எடுத்தார். "காத்துவரும் உயிர்கள்" என்ற வரிக்கு முன்னால் அந்தச் சொல்லை எங்கே சேர்ப்பார் என்று நானும் யோசித்தேன். அவரும் யோசித்தார். பின் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

11. வரியாக வாங்கினால் பணம் வீணாகும் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் மருத்துவமனையின் லிஃப்ட் எத்தனை நாள் ஓடாமல் நின்றது என்பதை என் முழங்காலே சொல்லும். ஆனால் ஒன்று. எங்கள் தெருவிளக்கு எரியாதபோது நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "நாங்களும் வரி கட்டறோம்," என்றேன். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. என் கணவரின் உயிர் மெஷினில் நின்றபோது நான் சத்தம் போடவில்லை. போட எனக்கு எந்த உரிமையும் இல்லை. பழத்தட்டோடு போனேன், தேநீர் குடித்தேன், வாழ்த்திவிட்டு வந்தேன். ஆலை உரிமையாளர் கொடுத்ததும் அவருக்கு மிஞ்சியதிலிருந்துதான், அவரைப் போன்றவர்கள் வரியாகத் தரப்போவதும் மிஞ்சியதிலிருந்துதான். வரியாக வந்திருந்தால், அவர் இறந்த மறுமாதமும் தண்ணீர் வந்திருக்கும். வராவிட்டாலும் கண்காணிப்பாளரின் மேசையைத் தட்டி நான் கேட்டிருப்பேன். என் கடைக்கும் சிறிய அளவில் வரி கட்டுகிறேன். கட்டும்போது யாரும் எனக்கு மாலை போடுவதில்லை, நானும் அதை எதிர்பார்த்ததில்லை.

12. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) படத்தை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதில் இருக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். கீழே உள்ள வரியை மட்டும் நீக்க உத்தரவிட்டு, அந்த அறிக்கை தங்கள் கோப்பில் இருக்கும்வரை இந்த மனுவும் அதனுடன் இணைந்திருக்கச் செய்ய வேண்டும்.

(ஆ) வசதி படைத்தவர்களின் கூடுதல் வரி குறித்து முடிவெடுக்கும்போது, அவர்களில் நல்லவர்கள் உண்டா இல்லையா என்பதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்டு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மனமும் ஆயுளும் எப்படி இருந்தாலும் சிகிச்சை நிற்காமல் இருக்க வழி செய்ய வேண்டும்.

(இ) எங்கள் மருத்துவமனை மாடியில் நிற்கும் சுத்திகரிப்பு நிலையத்தை அரசின் கணக்கில் சேர்த்துப் பழுதுபார்க்க ஆவன செய்ய வேண்டும். நான்கு மெஷின்களும் இன்னும் துணிக்குள்தான் இருக்கின்றன.

(ஈ) நேரில் விசாரிக்கத் தாங்கள் அழைத்தால் வரத் தயாராக உள்ளேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தவிர்த்து அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னோடு பழத்தட்டு ஏந்தி வந்தவர்களில் ஒருவரான பூ வியாபாரியின் கணவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருக்கு இப்போது அடுத்த நகரத்தில் வாரம் இரு முறை கிடைக்கிறது. பூ வியாபாரிக்கு அதிகாலையில் சந்தையை விட்டு வர முடியாது. அந்த இரண்டு நாட்களும் அவர் கணவரைப் பேருந்தில் நான்தான் அழைத்துப் போகிறேன்.

இடம்: பேருந்து நிலையப் பின்தெரு
நாள்: மார்ச் 14

பணிவுடன்,
(கையொப்பம்)
படத்தில் கட்டிலில் இருப்பவரின் மனைவி