சலூனில் விசாரித்த மனுசன்

2025 ஒக்டோபர் 6
பிள்ளைப்பேற்றுப் பத்தியச் சரக்கு வறுத்து இடித்து வைத்தாயிற்று. லண்டனில் மகள் மதுஷாவுக்கு ஜனவரியில் பிள்ளை. அதற்குள் எனக்கு விசா கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால்? மருமகன் டிலக்ஷன் வேலைக்குப் போனபின் அவளுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுக்கவும் ஆளில்லை.

ஒக்டோபர் 9
இவர் முகநூலில் விசா அலுவலகத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். கடவுச்சீட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால், அலுவலகம் போவதற்கு நாள் எடுத்துத் தருவார்களாம். நீலச் சரி அடையாளம்கூட இருக்கிறதாம்.

"உது உண்மையான பக்கமோ?" என்றேன்.

"அந்தப் பக்கத்திலை இருந்த நம்பருக்கே எடுத்துக் கேட்டனான். தாங்கள்தான் அசல் எண்டு சொன்னவங்கள். நீர் ஏன் பதறுறீர்?"

எனக்கு வந்த கோபம்! இவர், ஊரில் குகதாசன் அண்ணை என்றால் யாரையும் இலேசில் நம்பாத ஆள். மதுஷாவுக்கு டிலக்ஷனைக் கலியாணம் பேசி வந்தபோது அவர்கள் வீட்டுப் பக்கமே போகாமல், அவர்கள் ஊரான கொழும்புத்துறைச் சலூனில் தலைமயிர் வெட்டி விசாரித்தவர். திருப்தி வராமல் அதே கிழமை மறுபடியும் போனார். வெட்ட மயிர் இருந்ததா என்ன?

"அப்ப மாப்பிள்ளை வீட்டிலையே போய், உங்கடை பொடியன் திறமோ எண்டு கேட்டிருக்கலாமே! இல்லையெண்டே சொல்லியிருப்பினம்?"

தேத்தண்ணியும் குடிக்காமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒக்டோபர் 10
கடவுச்சீட்டை அலுமாரிக்குள் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் கொழுவியிருக்கிறேன்.

ஒக்டோபர் 11
விடிந்ததிலிருந்து மனுசன் போனோடுதான். பக்கத்து வீட்டுச் சுபாஜினி போன வருசம் லண்டன் போய் வந்தவள். அவளிடம் பிரித்தானிய அரசாங்கத் தளத்தின் முகவரியைக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தானே அடித்தார். அங்கிருந்துதான் விசா அலுவலகத்தின் தளத்துக்குப் போனார். நாள் எடுப்பதெல்லாம் அங்கேயேதான், வாட்ஸப்பில் ஒன்றுமில்லை. பிறகு அந்த முகநூல் பக்கத்தின் பூர்வீகத்தைக் கிண்டத் தொடங்கினார்.

"இஞ்சரும், உவர் போன மாசம் வரைக்கும் வேறை பேரிலை சேலை வித்தவராம்! நீலச் சரியும் படத்துக்குள்ளை கீறினது!"

முகத்தில் அப்படி ஒரு பெருமை. இந்த மனுசனில் எனக்கு எவ்வளவு ஆசை என்று இவருக்குத் தெரியுமோ? புரட்டாதிச் சனி, மச்சம் மாமிசம் இல்லை. கத்தரிக்காய்க்குத் தேங்காய்ப்பால் கூடுதலாக விட்டேன்.

நவம்பர் 28
விசா வந்துவிட்டது. இவர் என் பெட்டியை மூன்றுதரம் கட்டி அவிழ்த்தார்.

2026 ஜனவரி 19, லண்டன்
பேத்திக்கு நாலு நாள். தகப்பனின் மூக்கு.

மத்தியானம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. "தயா, நான்தான். என்ரை போன் கிணத்துக்குள்ளை விழுந்திட்டுது. பிள்ளையின்ரை படம் இதுக்கு அனுப்பும்."

அவர் குரல்தான். இந்தக் காலத்தில் குரலை நம்பலாமோ?

"டிலக்ஷனை விசாரிக்கப் போய் என்ன செய்தனீங்கள்?"

"தலைமயிர் வெட்டினனான்."

"எத்தினை தரம்?"

"ரண்டு... எடியப்பா, மருமோன் பக்கத்திலை நிக்கிறாரோ? மெல்லக் கதையும்!"

டிலக்ஷன் பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். அப்படியே படம் எடுத்து அனுப்பினேன்.