ரெண்டு வால்வு

4-8-91, ஞாயிறு

கிக்கரை மிதிச்சா சேத்துல கால் வைக்கிற மாதிரி இறங்குது. நல்ல வண்டி காலை எதிர்த்து நிக்கணும். இது நிக்கலை. பிளக்கைக் கழட்டி ஒரு கரண்டி எண்ணெய் உள்ளே விட்டுப் பார்த்தேன். அப்பவும் அதே மாதிரிதான். பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருந்தா எண்ணெய்க்குக் கொஞ்சமாவது இறுகும். அப்போ ஒழுகறது வால்வுதான்.

1961ல் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிள். இன்ஜின் மேல்மூடியை, அதான் ஹெட்டைத் திறக்கறது இது நாலாவது தடவை. 63 பங்குனி, 71 தீபாவளிக்கு முந்தின வாரம், அப்புறம் 80 மழையில.

மகன் அரிகிருஷ்ணன் மறைமலை நகர் கம்பெனியில் சேர்ந்து அஞ்சு மாசம். ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. ஷிப்டு காலை ஆறுக்கு. பம்மல்லேர்ந்து நடந்து போய் முதல் ரயிலைப் பிடிச்சாலும் இருபது நிமிஷம் லேட்டு. ஒரு தடவை ஆயிடுச்சு. மூணு ஆனா வேணாம்னுடுவாங்களாம்.

"மெக்கானிக் வில்பிரட்டு அண்ணன் கடையில வுட்டுடலாம் நைனா."

"நான் கீறேன் இல்ல" என்றேன்.

6-8-91

முதியோர் வகுப்பில் தையல்நாயகி டீச்சர் இந்த நோட்டைப் பார்த்தாங்க. தமிழ் வந்துடுச்சு, இனிமே இங்கிலீஷும் நாலு எழுத்து கத்துக்கங்கன்னாங்க. அறுபத்தெட்டு வயசுல அது எதுக்கு?

8-8-91, வியாழன்

ஹெட்டை இறக்கிட்டேன். கவுத்து வச்சு குழிவுல கிருஷ்ணாயில் ஊத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகலை, சைலன்சர் பக்கத்து ஓட்டையில சொட்டிச்சு. ரெண்டு வால்வையும் எடுத்து, கரியெல்லாம் கம்பி பிரஷ்ல தேய்ச்சு வெள்ளி மாதிரி ஆக்கிட்டேன். சாக்கு மேல வச்சேன். பெட்ரோல் உள்ளே போற வால்வு இடது பக்கம். புகை வெளியே போற வால்வு வலது பக்கம். எப்பவும் அப்படித்தான் வைப்பேன். வால்வு தேய்க்கிற பேஸ்ட் தீர்ந்து போச்சு. நாளைக்கு வாங்கணும்.

அரி ரெண்டு நாளா கூட வேலை பார்க்கிற ஜெயவேலு வண்டியில பின்னால உட்கார்ந்து வேலைக்குப் போறான். ஞாயித்துக்கிழமை ஜெயவேலு ஊருக்குப் போயிடுவான், வர ஒரு மாசம்.

9-8-91, ஆடி வெள்ளி

என் சம்சாரம் பச்சையம்மா வீட்டைக் கழுவி விட்டிருக்கா. சாக்கு கொடியில தொங்குது. வால்வு ரெண்டும் ஒரே டப்பாவுல.

"எது எந்தப் பக்கம் இருந்தது?"

"இன்னா பக்கம்? ரெண்டும் ஒரே மாதிரி கீது. துடைச்சு வேற வச்சிருக்கேன், அதுக்கும் கோவமா?"

ரெண்டும் ஒரே அளவு, அது நிஜம். வால்வுத் தலையில இங்கிலீஷ்ல ஏதோ கீறியிருக்கு. கம்பெனி பேரா இருக்கும். கைக்கொண்ணா வச்சு எடை பார்த்தேன். கனமா தெரிஞ்சதைப் புகைப் பக்கம் எடுத்துக்கிட்டேன். நிஜமாவே கனமா இருந்ததா, கனமா இருக்கணும்னு நினைச்சேனா — தெரியலை.

அரியைக் கேட்டிருக்கலாம். ஐ.டி.ஐ. படிச்சவன். கேக்கலை.

10-8-91

நாள் பூரா வால்வு தேய்ச்சேன். பேஸ்ட் தடவி, வால்வைப் பிடிச்ச குச்சியை உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல வச்சு மோர் கடையற மாதிரி. சாம்பல் நிறத்துல முழு வளையம் விழுந்தப்புறம்தான் விட்டேன். கழுவி மாட்டி மறுபடி கிருஷ்ணாயில் ஊத்தினேன். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டு இல்லை.

12-8-91

"ஆறுக்கு பத்து நிமிஷம் இருக்கச் சொல்லவே கம்பெனி கேட்டாண்ட நின்னேன் நைனா." பச்சையம்மா கேசரி கிண்டினா.

21-8-91

வண்டி சைலன்சர்ல பட்டாசு மாதிரி வெடிக்குது. வால்வைத் தள்ளற டேப்பட்டைச் சரி பண்ணிப் பார்த்தேன், நிக்கலை. ஞாயித்துக்கிழமை பார்த்துடறேன், அதுவரைக்கும் ஓட்டுன்னு அரிகிட்ட சொன்னேன்.

22-8-91

வண்டலூர்ல நின்னுடுச்சு. தள்ளிகினே போய்ச் சேர்ந்தப்போ எட்டரையாம். லேட்டு ரெண்டு.

23-8-91

ரயில்ல போனான். மூணு.

25-8-91, ஞாயிறு

வண்டியை தாம்பரத்துக்கு வில்பிரட்டு கடைக்குத் தள்ளிகினு போனோம். ஹெட்டைத் திறந்தான். புகைப் பக்கத்து வால்வு ஓரம் கரிஞ்சு, எலி கடிச்ச அப்பளம் மாதிரி இருந்தது.

வில்பிரட்டு துணியால துடைச்சு வெளிச்சத்துல பிடிச்சான். சிரிச்சிட்டான். "யாருப்பா இந்த வேலை பார்த்தது? 'ஐ', 'என்'னு தலையிலயே எழுதிக் கீது பாரு. இன்லெட் வால்வு, பெட்ரோல் உள்ளே போறது. இதைக் கொண்டுபோய் எக்சாஸ்டுல மாட்டினா அந்தச் சூட்டுக்கு வேகாம இன்னா பண்ணும்?"

முப்பது வருஷமா அந்த எழுத்து அங்கேதான் இருந்திருக்கு.

அரி என்னைப் பார்க்கலை. "நான்தான்ணா போட்டேன்."

"நீயா? ஐ.டி.ஐ.ல இன்னா, பரோட்டா போடக் கத்துக் குடுத்தாங்களா? ரெண்டு எழுத்துடா. எல்.கே.ஜி. கொழந்த படிக்கும்."

அரியும் சிரிச்சான். கடையில இருந்தவங்களும் சிரிச்சாங்க. நான் ஹேண்டில்பாரைப் பிடிச்சுகினு நின்னேன். வாயைத் திறந்திருக்கணும். ஏன் திறக்கலை? வண்டியை அங்கேயே விட்டுட்டு பஸ்ஸுல வீட்டுக்கு வந்தோம்.

2-9-91

கம்பெனியில வேணாம்னுட்டாங்க.

8-9-91, ஞாயிறு

ஊர்லேர்ந்து வந்த ஜெயவேலு சொன்னான். குரோம்பேட்டையில வில்பிரட்டோட மச்சான் பட்டறைக்கு ஒரு பிட்டர் வேணுமாம். அரி பேரை ஜெயவேலு எடுத்தானாம். "வால்வு மாத்திப் போட்டவனை எப்படிடா நான் அனுப்புவேன்"னு வில்பிரட்டு கேட்டானாம்.

நேரா கடைக்குப் போனேன். சட்டைகூட மாத்தலை. "போட்டது நான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. என் புள்ள அதைத் தொடவே இல்ல" என்றேன்.

வில்பிரட்டு கையைத் துடைச்சுகினு என்னைப் பார்த்தான். கோவமே இல்லை. "உக்காரு பெரியவரே. புள்ளைக்காக நீ பழியைத் தூக்கினு வந்துக் கீற. எங்கப்பனும் இப்படித்தான். நான் ஒடைச்சதையெல்லாம் அவரு ஒடைச்சதா சொல்லுவாரு."

"நிஜமா நான்தான்பா."

"முப்பது வருசம் ஒரு வண்டியை வச்சிருக்கிற ஆளுக்கு எந்த வால்வு எங்கன்னு தெரியாதா? போ, எங்கிட்டயேவா. டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போ."

இன்னும் எப்படிச் சொல்றது? டீ வந்தது. குடிச்சேன்.

9-9-91

"அங்க எதுக்குப் போன?" — அரி கேட்டது இவ்வளவுதான்.

7-10-91, திங்கள்

வண்டிக்குப் புது வால்வு போட்டாச்சு. ஒரே மிதியில பிடிக்குது. அரி இன்னிக்குப் புது வேலைக்கு அதை எடுத்துகினு போகலை. தோல் பதனிடற ஷெட்டு நடக்கிற தூரம்தான். நான் முப்பத்தொரு வருஷம் நின்ன அதே ஷெட்டு, அதே சுண்ணாம்புக் குழி. மேஸ்திரி என் பேரைக் கேட்டதும் உடனே சேர்த்துக்கிட்டானாம்.

சாயங்காலம் வந்தவன் எனக்கு முதுகைக் காட்டிகினு கிணத்தடியில குளிச்சான். சோப்பு போட்டான். கையை மோந்து பார்த்தான். மறுபடி போட்டான்.

அந்தத் தோல் நாத்தம் போகாதுன்னு நான் சொல்லலை.