பீலிச் சத்தம்

ஒக்டோபர் 12
இன்றும் மாமி மூன்று தட்டு வைத்தார். எனக்கு, தனக்கு, மகனுக்கு. என் புருஷன் ஜெயகுமாரை ஓடை கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூன்றாவது தட்டுச் சோற்றைக் காலையில் நான்தான் கோழிக்குப் போடுகிறேன். கோழி கொழுத்துவிட்டது. சிரிப்பதா, அழுவதா?

ஒக்டோபர் 19
மழை தொடங்கிவிட்டது. எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் ஓடைத் தண்ணீர் குழாய் வழியே பீலியில் கொட்டுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

போன வருஷம் அடைமழையில் அது நின்றது. பீலி நின்றால் மேலே குழாய் வாயில் இலை அடைத்திருக்கும், யாராவது ஏறிப்போய் வாரிவிட்டு வருவார்கள். காலங்காலமாக அப்படித்தான். "இந்தா வந்துர்றேன்" என்று அன்று என் புருஷன் கிளம்பினார். அடைத்தது இலை இல்லை. மண் சரிந்து ஓடையையே மறித்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்த நேரம் பார்த்து உடைத்துக்கொண்டது. உடம்புகூடக் கெடைக்கலியே—

ஒக்டோபர் 20
பொட்டு வைத்தேன். அழித்தேன். மறுபடி வைத்தேன்.

நவம்பர் 3
பதுளையிலிருந்து ஜாபிர் என்ற அதிகாரி வந்து எங்களைக் கோயிலடியில் கூட்டினார். "மழை பெய்யுறப்ப ஓடையில தண்ணி கொறைஞ்சா, மேல அடைபட்டிருக்குன்னு அர்த்தம். பாக்கப் போகாதீங்க. ஒடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிருங்க."

இதைப் போன வருஷம் சொல்லியிருக்கக் கூடாதா?

மாமி எழுந்து நின்றார். "நா எங்கயும் வரமாட்டேன். எம்மகன் வந்தா பூட்டுன வீட்டையா பாப்பான்?"

நவம்பர் 8
விடாத மழை. லயத்தில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மாமி அசையவில்லை. அவரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? "அவரு இனி வரமாட்டாரு மாமி"ன்னு கத்திட்டேன். மாமி தட்டை எடுத்து வைத்தார். மூன்று.

நவம்பர் 15
ஓடைப் பக்கம் யாரோ இருமினார்கள். அவர் இருமல் மாதிரியே. போய்ப் பார்க்கவில்லை. பயம்.

நவம்பர் 22, பள்ளிக்கூடம்
காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மழை அப்படியே கொட்டுகிறது, பீலி நின்றுவிட்டது. மாமியை எப்படி இழுத்துப் போவது என்று திரும்பினால், அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டு ரஜீவ் மண்வெட்டியோடு குழாய்ப் பக்கம் கிளம்பியிருந்தான். மாமி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒருத்தன் போனது போதும்டா! மேட்டுக்கு ஏறு!"

பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லோரும் ஏறிவிட்டோம். எங்கள் வீட்டை மட்டும் அவர் பூட்டவில்லை. மேட்டிலிருந்து பார்த்தோம்: தண்ணீர் மரமும் கல்லுமாக வந்து, அந்தத் திறந்த கதவையும் சேர்த்துக் கொண்டுபோனது.

மத்தியானம் பதுளைக் கடைக்காரர்கள் சோத்துப் பார்சல் கொண்டுவந்தார்கள். றமீலா என்ற பிள்ளை பங்கிட்டுக் கொடுத்தாள். "உங்க வீட்ல எத்தனை பேரும்மா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார். "ரெண்டு பேரு."

பார்சலைப் பிரித்தும் அவர் சாப்பிடவில்லை. என் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.