அம்மா சிரித்த பதினேழு நொடி

மே 3, சனி

204-ஆம் அறைக்காரர் ஏ.சி.யில் சத்தம் வருகிறது என்று நான்காவது தடவையாக ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டார். அது ஏ.சி. இல்லை, பஸ் ஸ்டாண்டு. அதை நான் எப்படி நிறுத்துவது?

ஒரு நல்ல செய்தி. சித்ரா பௌர்ணமி வந்துவிட்டால் லாட்ஜில் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் வருகிற செவ்வாய்க்கிழமை எங்களில் பாதிப் பேரை வேன் வைத்து, சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு அனுப்புகிறாராம் முதலாளி. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம். அம்மாவிடம் சொன்னேன்.

"நான் எதுக்குடி அங்கல்லாம்? கடைய யாரு பாக்கறது?"

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் கூல் டிரிங்ஸ் கடை. அதை ஒரு நாள் மூடினால் மலை இடம் மாறிவிடாது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அம்மா போன தூரமெல்லாம் வீடு, கடை, கோயில், அவ்வளவுதான். இந்தத் தடவை விடப் போவதில்லை.

மே 4, ஞாயிறு

அம்மா வருகிறேன் என்றாள். ஆனால் தண்ணீரில் இறங்க மாட்டாளாம். பார்ப்போம்.

மே 7, புதன்

நேற்று வந்ததும் விழுந்து தூங்கிவிட்டேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கை காலெல்லாம் வலி, மனசு மட்டும் லேசு.

கோடை விடுமுறைக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. அங்கே புடவையோடு தண்ணீரில் இறங்க விடுவதில்லை. நைலான் உடுப்பைத்தான் போட வேண்டும், வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அம்மா அழாத குறை. "யாரும்மா உன்ன இங்க பாக்கப் போறாங்க? நாலு மணி நேரம் தாண்டி வந்திருக்கோம்" என்று நான்தான் மல்லுக்கு நின்றேன். ஊதா டி-ஷர்ட், கணுக்கால் வரை வரும் பேன்ட். உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வர அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தாள்.

மேலே குழாய்களிலிருந்து மழை மாதிரி தண்ணீர் கொட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரில் பாட்டு. என்கூட வேலை பார்க்கும் சிந்துஜா வந்து, "வாங்க அத்தை, சும்மா நில்லுங்க, ஆட வேணாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். முதலில் அம்மா நின்றாள். பிறகு ஒரு கையைத் தூக்கினாள். பிறகு பார்த்தால் குதிக்கிறாள்! தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு கதைகளை அப்பா சொல்லும்போது இப்படித்தான் சிரிப்பாள்.

போனை எடுக்கலாமா என்று கை பரபரத்தது. ஆனால் தண்ணீர் ஓரத்தில் 'இங்கே படம் எடுக்கக் கூடாது' என்று பலகை வைத்திருக்கிறார்கள் என்பதால் முன்பே லாக்கரில் வைத்துவிட்டிருந்தேன். அம்மா கழற்றிக் கொடுத்த மூக்குக் கண்ணாடியையும் அங்கே வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், அதே பலகைக்குக் கீழே ஒருவர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் நின்ற குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சார், கொஞ்சம் எறக்கிக்கங்க. பின்னாடி பசங்களுக்கு மறைக்குது."

"ஒரே நிமிஷம் மேடம், என் பாப்பாவ எடுத்துக்கறேன்" என்று சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. அவர் படத்தில் குறுக்கே விழக் கூடாதே என்று குனிந்து ஓடினேன்.

திரும்பும்போது வேனில் என் தோளில் சாய்ந்துகொண்டு அம்மா சொன்னாள்: "அடுத்த தடவ உங்க மாமாவையும் இட்டுனு வரலாம்டி." அடுத்த தடவை! அவள் வாயால்!

மே 9, வெள்ளி

சிந்துஜா போனை நீட்டியபோது அவள் முகமே சரியில்லை.

பதினேழு நொடி வீடியோ. முதலில் ஒரு சின்னப் பெண். இரண்டாவது நொடியில் குனிந்து ஓடும் ஒரு தலை. அது நான். அப்புறம் படம் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மெல்ல நகர்ந்து அம்மாவிடம் போய் நிற்கிறது. பெரிதாகிறது. அம்மா குதிக்கிறாள், சிரிக்கிறாள், நனைந்த டி-ஷர்ட் உடம்போடு ஒட்டியிருக்கிறது. மேலே எழுத்து: 'ஆன்ட்டிக்கு வயசு பதினாறு'. பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். போட்டவர் பெயர் பிரசாத். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் வீடியோ போடுகிறவராம்.

ஆன்ட்டியாம். அவள் யாருக்கு ஆன்ட்டி?

வீடியோவுக்குக் கீழேயே எழுதினேன்: 'இவங்க என் அம்மா. எங்க அப்பா இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வெளிய வந்தாங்க. தயவு செஞ்சு எடுத்துடுங்க சார்.' படித்தால் யாருக்கும் மனசு இளகும் என்று நினைத்தேன்.

மே 10, சனி

நான் ஒரு முட்டாள். முட்டாள். முட்டாள்.

என் கமென்ட்டை அவர் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்துவிட்டார். 'பாசிட்டிவாதான் போட்டேன் சிஸ்டர், அம்மா சூப்பர்' என்று ஒரு இதயம் வேறு. நேற்று வரை அம்மா யாரோ ஒரு பெண்மணி. இன்று அவளுக்கு மகள் இருக்கிறாள், மகளுக்குப் பெயர் இருக்கிறது, மகளின் கணக்கில் படம் இருக்கிறது. அந்தப் படத்தை நான் எங்கே நின்று எடுத்துக்கொண்டேன்? எங்கள் கடை வாசலில். தலைக்கு மேலே 'ஜோதி கூல் டிரிங்ஸ், அடி அண்ணாமலை' என்று பலகை பளிச்சென்று தெரிகிறது.

'புருஷன் போனதுக்குப் பார்ட்டியா?' என்று ஒருத்தன். அப்பா இறந்ததை அவனுக்கு யார் சொன்னது? நான்தானே சொன்னேன்.

கமென்ட்டை அழித்தேன். அதற்குள் அதையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பழைய பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். நாளை மறுநாள் பௌர்ணமி. கடையைத் திறக்காதே என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

மே 12, திங்கள்

சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. லாட்ஜில் லீவு சொல்லிவிட்டுக் கடையில் கூடவே நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கே பாதை நிறைந்துவிட்டது. அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். காலேஜ் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி அம்மாவையே பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அந்த ரெயின் டான்ஸ் நீங்கதானே? ஒரு செல்ஃபி ஆன்ட்டி, ப்ளீஸ்!"

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னாம்மா டான்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பெண் போனை அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். நான் குறுக்கே பாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் மூக்குக் கண்ணாடியில் பாதிக்குச் சர்க்கரைத் தண்ணீர் தெறித்திருந்தது, அம்மா எவ்வளவு பார்த்தாள் என்று தெரியவில்லை. ஆனால் ஊதா டி-ஷர்ட்டைப் பார்த்துவிட்டாள்.

அதற்குள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே சிலர் போனைத் தூக்கினார்கள். "எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று கத்தினேன். நான் கத்துவதையும் எடுத்தார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் ஷட்டரை இறக்கினேன். அங்கிருந்தே கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மே 14, புதன்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் போலீஸ் மரியாதையாகத்தான் பேசினார். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "ஆபாசமா எதுவும் இல்லையேம்மா. சந்தோஷமா சிரிக்கிறாங்க. பொது இடம் வேற. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கறோம். ஒரு காப்பி எடுத்து உங்க போன்ல வெச்சுக்கங்க, அவன் அழிச்சுட்டா ஆதாரம் இருக்காது" என்றார்.

சந்தோஷமாகத்தான் சிரித்தாள் என்பதை எப்படிக் குற்றமாக எழுதுவது? அரைப் பக்கம் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன்.

மே 15, வியாழன்

வீடியோ வந்த செயலியிலும் புகார் செய்திருந்தேன். அவர்களிடமிருந்து பதில்: விதிகள் எதுவும் மீறப்படவில்லையாம்.

மே 20, செவ்வாய்

பிரசாத்துக்குப் பதினோரு செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்று குரலில் பதில் வந்தது. "சிஸ்டர், புரியுது. ஆனா இதுதான் எங்க சேனல்லயே நல்லா போன வீடியோ. அம்மாவ நாங்க ஒண்ணும் தப்பா சொல்லலையே. ஒருநாள் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்." பின்னால் அந்தக் குழந்தை எதையோ கேட்டு நச்சரிக்கும் சத்தம் கேட்டது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போவேன்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவின் அண்ணன், சின்னசாமி மாமா வந்தார். போனை என் முன்னால் வீசாத குறை. "என் தங்கச்சிக்கு அந்தக் கர்மத்த மாட்டி உட்டது யாரு? நீதானே?" என்றார். ஆமாம், நான்தான். அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவள ஒண்ணும் சொல்லாதண்ணா. எறங்கினது நான்தானே."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் திட்டியதைத் தாங்கிக்கொண்டேன், அம்மா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி. கடை திறக்கவில்லை. அப்பா இறந்த மாசத்தில்கூடப் பௌர்ணமிக்குத் திறந்தவள். "தல வலிக்குதுடி" என்று படுத்துக்கொண்டாள். பாதையில் ஜனம் போகும் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

ஜூன் 19, வியாழன்

வீடியோ இல்லை!

நான்கு தடவை தேடினேன். பிரசாத் எடுத்துவிட்டார். எதற்காக என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு யார் யாரோ வெட்டிப் போட்டது எங்கெங்கோ இருக்கத்தான் செய்யும். சிந்துஜா ஒரு மைசூர்பாகு பெட்டியோடு வந்தாள். அம்மா ஒன்றை எடுத்து அவள் வாயில் ஊட்டினாள், தான் சாப்பிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் போன்ல இருக்கா அது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புகாருக்காக வெச்சிருந்தேன்மா."

"காட்டு. நான் முழுசா பாக்கவே இல்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பதினேழு நொடியும் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். "அந்தக் கலரு நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு, "அழிச்சுடு."

"அம்மா... நீ சிரிக்கிறது இது ஒண்ணுதாம்மா இருக்கு. வேற எதுலயும் இல்ல. நான் எடுக்கல. அங்க எடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்துதுன்னு நான் எடுக்கல." அழுகை வந்துவிட்டது.

அம்மா என் தலையைத் தடவினாள். "அது அந்தாளு எடுத்த சிரிப்புடி. எனக்கு வேணாம். உன் போன்லயும் வேணாம்."

அவள் பார்க்கப் பார்க்க அழித்தேன். அழித்தது எதுவும் முப்பது நாள் போனின் ஒரு மூலையில் கிடக்கும், வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்னும் பத்தொன்பது நாள். எடுக்க மாட்டேன். எடுக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கடையைத் திறந்தாள்! கடைக்குள் பின்பக்கமாக உட்கார்ந்து எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுத்தாள், நான் முன்னால் நின்று விற்றேன். ஒரு பெரியவர் சில்லறை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டார். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எடுத்தது பத்து ரூபாய் நாணயம். அதற்குப் பிறகும் வெகு நேரம் அவள் திரும்பவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

முப்பதாவது நாள். காலையில் லாட்ஜுக்குப் போகும் வழியில் போனை எடுத்தேன், திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன். மத்தியானமும் ஒரு தடவை. திறக்கவில்லை. இந்நேரம் தானாகவே போயிருக்கும்.

சாயங்காலம் வீட்டில் நான் இட்லிக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். சிந்துஜா வந்து காபியோடு உட்கார்ந்து லாட்ஜ் கதையை ஆரம்பித்தாள். 204-ஆம் அறைக்காரர் இந்த மாதமும் வந்திருக்கிறார். இப்போது கோயில் மணிச் சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறதாம். "கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லி யாருக்குப் போன் போடணும்மான்னு என்னயே கேக்கறாரு அத்தை!"

அம்மாவின் உதட்டோரம் சிரிப்பு வந்து நின்றது. அப்படியே நிறுத்தினாள். சிந்துஜாவின் கையைப் பார்த்தாள். காபி டம்ளர். திரும்பி என் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மணிக்கட்டு வரை மாவுக்குள் இருந்தன.

அப்புறம்தான் சிரித்தாள். அதுவும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.