தனக்கோடியின் முதல் கன்னடம்

விவேக் நகர்,
பெங்களூர்.
20.11.1999

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம், அந்த லீட்ஸ் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அன்றிலிருந்து வீட்டில் எங்கே தூசி இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுப்பதே அவருக்கு வேலை. போன வியாழக்கிழமை நம் பக்கத்து சர்ச்சுக்கு வந்த கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் மழையில் நனைந்து வந்து எனக்குக் கொஞ்சம் சளி, இப்போது சரியாகிவிட்டது, நீ கவலைப்படாதே. போனில் நீ ‘வகுப்பு என்ன ஆச்சு’ என்று கேட்டபோது லைன் அறுந்துவிட்டது, அதுவும் நல்லதுதான், அதைச் சொல்ல ஆரம்பித்தால் உன் போன் கார்டு காசு முழுக்கத் தீர்ந்திருக்கும்.

பொம்மசந்திரா தையல் கம்பெனியில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பெண்களுக்கு ஷிப்ட் முடிந்ததும் கான்டீனில் கன்னடம் சொல்லித்தருகிறேன் இல்லையா, அங்கே நான் முதலில் என்ன செய்தேன், ரிடையர் ஆகும்வரை ஸ்கூலில் செய்ததையே செய்தேன். போர்டில் எழுத்து எழுதுவது, எல்லாரும் கோரஸாகச் சொல்வது, தப்பாகச் சொன்னால் எழுந்து நின்று மறுபடியும் சொல்வது. நாள் முழுக்க மிஷினில் குனிந்திருந்தவர்கள், எழுத்து பாதி தாண்டுவதற்குள் மேஜையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். அப்போதுதான் மொழி கற்பிக்க அங்கே உங்கள் புரொபசர் சொல்லித்தந்த முறை என்று நீ எழுதினாய், டீச்சர் அந்த மொழியிலேயே ஒரு வேலையைச் சொல்லித் தானே செய்தும் காட்ட வேண்டும், படிக்கிறவர்கள் அதைப் பார்த்துச் செய்தால் போதும், வாயைத் திறக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது, குழந்தை எத்தனை மாதம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் பேசுகிறது, அதுபோலத்தான் இதுவும் என்று. எனக்கு நம்பிக்கை இல்லை, உன்னிடம் சொல்லாமல் முதலில் அப்பாவிடம் சோதித்துப் பார்த்தேன். ‘நில்லு’ என்றேன், எழுந்து நின்றார். ‘நீரு தா’ என்றேன், தண்ணீர் கொண்டுவந்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல முறை என் கையில் கிடைத்ததில்லை என்று மறுநாளே கான்டீனில் ஆரம்பித்துவிட்டேன்.

வா, போ, உட்கார், கதவைத் திற, தூக்கு, ஓடு, சீக்கிரம் என்று எல்லாம் கட்டளைதான். மரியாதையாக ‘வாருங்கள்’ என்பதற்குக் கன்னடத்தில் ‘பன்னி’ என்று சொல்லவேண்டும், முதல் நாள் நான் ‘பன்னி’ என்று கூப்பிட்டதும் நம் பெண்கள் சிரித்த சிரிப்பில் வகுப்பே கலைந்துபோயிற்று, சனியன் எதற்கு என்று, மரியாதை இல்லாத வெறும் ‘வா’, அதாவது ‘பா’ என்றே வைத்துக்கொண்டேன். அதன்பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை, ஓடினார்கள், பெஞ்சைத் தூக்கினார்கள், கான்டீன் சமையல்காரர் என்னைப் போலீஸில் இருந்தவளா என்று விசாரித்தாராம். கொஞ்சநாளில் ஒவ்வொருத்தியாகப் பேசவும் ஆரம்பித்தாள், ஒருத்தியைத் தவிர. அவள் பேர் தனக்கோடி, செங்கம் பக்கத்துப் பெண். சொன்னதை முதலில் செய்பவள் அவள்தான், ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பழைய பாமா டீச்சராக இருந்தால் நிற்கவைத்துப் பேச வைத்திருப்பேன். நீ எழுதியதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன், இருந்தாலும் இவளுக்கு இது வராது என்று மனசுக்குள் எழுதிவிட்டேன் என்பதும் உண்மை.

செப்டம்பர் கடைசியில் நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. தனக்கோடிக்குப் பக்கத்து மிஷினில் மகா என்று ஒரு பெண், வயிற்றில் எட்டு மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குத் திடீரென்று வலி கண்டு தரையில் சாய்ந்துவிட்டாள், துணியெல்லாம் ரத்தம். அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே வெளிக்கதவு இருக்கிறது, வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று அதைப் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி சூப்பர்வைசர் கிருஷ்ணப்பாவிடம். அவர் மண்டியாக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, கெட்டவரும் இல்லை, ஆனால் ரத்தத்தைப் பார்த்ததும் கை கால் ஓடாமல் நின்றுவிட்டார். சுற்றி இருந்த பெண்கள் தமிழில் அழுதார்கள், கத்தினார்கள், அவருக்கு எதுவும் ஏறவில்லை. அப்போது தனக்கோடி மகாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ‘கிருஷ்ணப்பா, பா இல்லி. பாகிலு தெகி. பேக’ என்றாளாம், இங்கே வா, கதவைத் திற, சீக்கிரம் என்று. அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ‘நீரு தா’ என்றாள், தண்ணீர் வந்தது. ‘எத்து’ என்றாள், இவர் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் மகாவைத் தூக்கினார்கள். ‘ஓடு, காடி தா’ என்றாள், கம்பெனி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வா போ என்று ஒரு தையல்காரப் பெண் விரட்டியும் அந்த மனிதர் சொன்னதையெல்லாம் செய்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பெண் குழந்தை, கொஞ்சநாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள்.

மறுநாள் தனக்கோடி வேலைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. சூப்பர்வைசரை வா போ என்று பேசிவிட்டேன், கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று ரூமிலேயே பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள் என்று அவளோடு தங்கியிருக்கிற பெண் சொன்னாள். மரியாதைச் சொல் ஒன்றுகூடக் கற்றுக்கொடுக்காமல் விட்டது நான், வேலை போகப்போவது அவளுக்கு. நேராகக் கிருஷ்ணப்பாவிடம் போய், தப்பு என்னுடையது, அவளுக்கு அந்தச் சொற்கள்தான் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ‘மேடம், என் பெண்டாட்டிகூட என்னை அப்படி வேலை வாங்கினதில்லை, அவள் சொன்னதுனாலதான் எனக்குக் காலே நகர்ந்தது, வரச் சொல்லுங்க’ என்று கன்னடத்தில் சொன்னார். சொல்லி அனுப்பினேன். சாயந்தரம் கான்டீனுக்கு வந்தாள், எப்போதும்போல ஓரத்தில் உட்கார்ந்தாள், ‘எம்மா, மன்னிச்சிடுங்கன்னு இவங்க பாஷையில எப்பிடிச் சொல்றது’ என்று கேட்டாள். என் வகுப்பில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ‘க்ஷமிஸி’ என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலையில் அவரிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் ‘நானு ஹேளபேக்காகித்து’ என்றாராம், அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று. அன்றே மேனேஜரிடம் சண்டை போட்டு, வேலை நேரத்தில் அந்தக் கதவைப் பூட்டக்கூடாது என்று சம்மதம் வாங்கிவிட்டார்.

எந்தப் பெண் எத்தனை நாளில் பேச ஆரம்பித்தாள் என்று உன் படிப்புக்காகக் கேட்டிருந்தாயே, தனக்கோடிக்கு நான் என்ன எழுதுவது என்று நீயே சொல். வேண்டிய நேரத்தில் பேசினாள், அதற்கு முன்னால் காதில் நிறைய விழுந்திருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் புரொபசரிடம் ஒன்று சொல், கட்டளையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஆளை விரட்டத் தெரியும், அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்க்கத் தெரியாது. இப்போது நான் ‘பன்னி’யிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், சிரித்தால் சிரிக்கட்டும். கிருஷ்ணப்பாவும் சில நாள் பின் பெஞ்சில் வந்து உட்கார்கிறார், தமிழில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவாம்.

போன வாரம் மகா குழந்தையைக் கம்பெனிக்குக் காட்ட எடுத்துவந்தாள். தனக்கோடி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு விடாமல் கன்னடத்தில் பேசிக்கொண்டே இருந்தாள், ஏகப்பட்ட தப்பு, நான் ஒன்றையும் திருத்தவில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு எதுக்குடி கன்னடம் என்று மகா கேட்டதற்கு, ‘இதுவும் என்னமாரி கேட்டுக்கினேதான் இருக்குது, தப்பாப் பேசினா சிரிக்காது’ என்றாள்.

வேறு விசேஷம் இல்லை. ராத்திரி லைப்ரரியிலிருந்து தனியாக நடந்து வராதே, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, அப்பா பிறந்தநாள் டிசம்பர் முதல் வாரம், ஞாபகமாகப் போன் செய். எல்லா நன்மையும் உனக்குக் கிடைக்க வேண்டும், தீர்க்காயுசாக இரு.

உன் அன்பு அம்மா,
பாமா சிவசங்கரன்