நம் சுவர் நிற்க வேண்டிய இடம்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈரச் சீமெந்து வாசனை. உன் வீட்டுப் பக்கமிருந்துதான். உன் மகள் மாடி எழுப்புகிறாள்! இதை உனக்குச் சொல்லாமல் என்னால் தேத்தண்ணிகூடக் குடிக்க முடியவில்லை.

ஒரு வாரமாக எனக்குப் படபடப்பு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அவள் மூடிவிடுவாளோ என்று. பதுளைக்கு வெளியே நாம் காணி வாங்கியபோது இந்தச் சரிவு முழுக்கத் தேயிலை. இப்போது உச்சிவரை வீடுகள். ஒருவர் ஓர் அறை கூடுதலாகக் கட்டினால் ஓர் இடைவெளி மறைகிறது. மழைத் தண்ணீர் வழி தெரியாமல் கீழ்வீட்டுக் குசினிக்குள் இறங்கி அடுப்பை அணைக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளுக்கு நடுவே வழி விடாவிட்டால் கடைசிப் பிள்ளை எப்படி வெளியே வரும்?

நாம் மட்டும் நம் வீடுகளை ஒழுங்காகவா வரைந்தோம்? நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றைச் சுவர் பிரிக்கும் அடுத்தடுத்த லயக் காம்பராக்களில் பிறந்தவர்கள். வீடு என்றால் ஒரு சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம் என்றே நினைத்திருந்தோம். அப்படியே ஒரே சுவரை நடுவில் போட்டு, வரைபடத்தைப் பிரதேச சபைக்குக் கொண்டுபோனோம். உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"காணி ரெண்டு, வீடு ரெண்டு. சுவர் மட்டும் ஏம்மா ஒண்ணு?"

நீ யோசிக்கவே இல்லை. "அந்தப் பக்கம் ஆள் இருமுற சத்தம் கேட்டாத்தாங்க ஐயா எங்களுக்குத் தூக்கம் வரும்."

அவர் சிரித்தார்; ஆனால் விடவில்லை. இருவரும் இடம் விட்டால்தான் அனுமதி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நீ முணுமுணுத்தாய்: "நல்ல மண்ண சும்மா போடச் சொல்றாரு. நாலு பாத்தி லீக்ஸ் போடலாம் அதுல."

வீடு கட்டி வந்த முதல் அடைமழையில் மலைத்தண்ணீர் செக்கச்செவேலென்று அந்த இடைவெளியில் சீறிப் பாய்ந்தது. எதிர் ஜன்னலில் நின்று நீ கத்தினாய்: "ஏ டீச்சர்! நம்ம சுவர் நிக்க வேண்டிய எடத்துல ஆறு ஓடுதுடி!" பாதி பயத்திலும் பாதி சந்தோஷத்திலும் சிரித்தோம். பிறகு நீ லீக்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

நேற்று மாடி கட்டும் மேசன் பாஸ் உன் மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நடுவுல சும்மா கெடக்கிற எடத்தையும் சேர்த்தா ரூம் பெருசாகும் தங்கச்சி. டீச்சரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

போய்த் தடுக்கலாமென்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வரைபடத்தோடு வந்து என் மேசையில் விரித்தாள். கண்ணாடி எடுக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"எடம் விட்டிருக்கியா புள்ள?"

"விடாமலா, பெரியம்மா? தண்ணி அப்புறம் கீழ் வீட்டுக்காரங்க தலையிலயா போகும்? அம்மா ஜன்னலுக்கு நேர் மேல எனக்கும் ஒரு ஜன்னல் வருது. பாஸ்தான் மூஞ்ச தூக்கி வெச்சிருக்காரு."

நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து மூடிக் கிடந்த அந்த ஜன்னலை, சீமெந்துத் தூசி போகட்டும் என்று இன்று அவள் திறந்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிட்டப் போய் நின்று ஒரு தடவை இருமினேன்.

"பெரியம்மா, இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுத் தரவா?"

தா என்றேன். எனக்கு இருமலே இல்லை என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.